கோஷம் ஒரு நாள், கோப்பு பல நாள்!

(இளைஞர் பயிற்சி முகாம் ஒன்றில் சமுதாய ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

நான் பேச்சாளன் அல்ல. மேடையில் நின்ற நேரத்தைவிட தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நின்ற நேரம்தான் என் வாழ்வில் அதிகம். 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் வேலை பார்த்ததில் நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருக்கிறேன். நம் கையைவிட்டுப் போன உரிமைகள் எல்லாமே பிறர் பறித்துக்கொண்டவை அல்ல. நாம் எழுதி வைக்காமல் விட்டதும், எழுதியதைப் பாதுகாக்காமல் விட்டதும் அதில் நிறைய உண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரியவர் கேட்ட கேள்வி

1992 டிசம்பர் 6ஆம் தேதி பாபர் மஸ்ஜித் இடிக்கப்பட்டபோது எனக்கு 19 வயது. அந்த வாரம் நாட்டில் உள்ள ஒவ்வொரு முஸ்லிம் இளைஞனின் நெஞ்சும் எப்படிக் கொதித்ததோ, அப்படித்தான் என் நெஞ்சும் கொதித்தது. எங்கள் கடற்கரை ஊரில் கடையடைப்பு நடந்தது. ஆர்ப்பாட்டம் நடந்தது. முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். மூன்று நாட்கள் எனக்குக் குரலே வரவில்லை. ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இஷா தொழுதுவிட்டு வெளியே வந்தபோது என் தோளில் கை போட்டு, "வாப்பா, ஊர்வலத்துல நல்லா கோஷம் போட்டியாமே?" என்று கேட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, "ஆமா மாமா" என்றேன். "ரொம்ப சந்தோஷம். ஒரு மனு எழுதத் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. பிளஸ் டூ பாஸ் செய்தவன். வாப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன். ஆனால் ஓர் அதிகாரிக்கு, இன்னது எங்கள் குறை, இன்ன சட்டப்படி இன்னதைச் செய்து தர வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதத் தெரியாது. அவர் கோபிக்கவில்லை. "நாளைக்கு அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார். அந்த அஸரிலிருந்துதான் என் சமுதாயப் பணி துவங்கியது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

கோஷமே கூடாது என்று நான் சொல்லவில்லை சகோதரர்களே! அநீதி நடக்கும்போது வீதியில் இறங்கி நியாயம் கேட்பது ஜனநாயகம் நமக்குத் தந்த உரிமை. ஆனால் ஆர்ப்பாட்டம் முடிந்து கொடியைச் சுருட்டிய பிறகு, மறுநாள் காலையில் யார் அந்தக் கோப்பைத் தொடர்ந்து போகப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மையவாடியின் கதை

எங்கள் ஊர் மையவாடி 1 ஏக்கர் 40 சென்ட். எத்தனையோ தலைமுறைகளாக எங்கள் முன்னோர் அங்கேதான் அடக்கமாகி இருக்கிறார்கள். 1996ல் சாலையை அகலப்படுத்துவதற்காக மையவாடியின் கிழக்கு ஓரத்தில் கல் நட்டார்கள். "எங்கள் இடத்தில் எப்படி நடலாம்?" என்று ஓடினோம். "உங்கள் இடம் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள்.

ஊரே திகைத்து நின்றது. மையவாடிக்கு ஆதாரமா? கண்ணுக்கு முன்னால் கபர்கள் இருக்கின்றனவே!

கணக்கில் பார்த்தபோது உண்மை தெரிந்தது. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பணி நடந்தது. யு.டி.ஆர். என்று இன்றும் பத்திரம் எழுதுகிறவர்கள் சொல்வார்கள். அந்தப் பணியின்போது எங்கள் மையவாடி 'அரசுப் புறம்போக்கு, தரிசு' என்று பதிவாகி விட்டது. நோட்டீஸ் வந்ததா, தண்டோரா போட்டார்களா, யாருக்கும் நினைவில்லை. எங்களில் ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சரி, வக்ஃப் பட்டியலில் இருக்குமே என்று தேடினோம். 1954ஆம் ஆண்டு வக்ஃப் சட்டப்படி சர்வே எடுத்து, வக்ஃப் சொத்துகளை அரசிதழில் வெளியிட்டார்கள். அதில் எங்கள் பள்ளிவாசல் இருந்தது, பள்ளிக்குச் சொந்தமான நான்கு கடைகள் இருந்தன, மையவாடி இல்லை! சர்வேக்கு வந்தவரிடம் வருமானம் வருகிற சொத்துகளை மட்டும் அன்றைய நிர்வாகிகள் சொல்லியிருக்கிறார்கள். மையவாடியில் என்ன வருமானம் வரப் போகிறது என்று விட்டுவிட்டார்கள் போலும்.

கடைசியாக, பள்ளிவாசலின் தகரப் பெட்டியைத் திறந்தோம். நிலத்தைத் தானமாகக் கொடுத்தவர் எழுதிக் கொடுத்த பத்திரம் அதில் இருப்பதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பெட்டிக்குள் கரையான் புற்றுதான் இருந்தது. பத்திரம் பொடியாகிக் கிடந்தது. அந்தப் பொடியைக் கையில் அள்ளிப் பார்த்த அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. பாபர் மஸ்ஜித் செய்தியைக் கேட்டபோது வந்த அழுகை வேறு, இது வேறு. அதற்கு அடுத்தவரைக் குற்றம் சொல்லி மனதை ஆற்றிக்கொள்ள முடிந்தது. இதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

உம்மம்மா படித்த நோட்டு

கைவிடக் கூடாது என்று அந்தப் பெரியவர் சொன்னார். ஒரு பத்திரம் போனால் வேறு நான்கு சான்றுகளைச் சேர்க்கலாம் என்றார். நான்கும் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். ஒவ்வொன்றிலும் உங்களுக்குப் படிப்பினை இருக்கிறது.

முதலாவது, பள்ளியில் மோதினாராக இருந்தவர்கள் எழுதி வைத்த மையத்துக் கணக்கு. இன்ன தேதியில் இன்னார் மௌத், அடக்கம், கபர் வெட்டுக் கூலி இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். கூலிக் கணக்குக்காக எழுதியது, எங்களுக்கு அனுபவப் பாத்தியதைக்குச் சான்றாயிற்று.

இரண்டாவது, தானம் கொடுத்தவரின் குடும்பத்தில் பரண் மேல் கிடந்த ஒரு பழைய நோட்டு. அது அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தது. மொழி தமிழ், எழுத்து அரபி. நாங்கள் பட்டம் படித்தவர்கள் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு வரி படிக்க முடியவில்லை. பழைய பேப்பர்காரனுக்குப் போட எடுத்து வைத்திருந்ததாக அந்த வீட்டார் சொன்னார்கள். அதை என் உம்மம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். கையெழுத்து கேட்டால் பெருவிரல் நீட்டுகிறவர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டைத் திருப்பித் திருப்பி, கடகடவென்று படித்தார். தெற்கே வாய்க்கால், மேற்கே பனங்காடு என்று எல்லை சொல்லி, மையத்து அடக்கத்திற்கு விட்ட நிலம் என்று அதில் இருந்தது.

'படிக்காதவர்' என்று உம்மம்மாவை அரசாங்கக் கணக்கு சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிறு வயதில் பெண்களுக்கான மத்ரஸாவில் அவர் கற்ற எழுத்து அன்றைக்கு ஊரின் மானத்தைக் காத்தது. சகோதரர்களே! உங்கள் வீடுகளில் இன்னும் அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த மூதாட்டி யாராவது இருந்தால், ஊருக்குப் போனதும் அவர் அருகில் போய் உட்காருங்கள்.

மூன்றாவது, யு.டி.ஆருக்கு முந்தைய பழைய பதிவேட்டின் நகல். அதில் மையவாடி என்றே இருந்தது. பழைய சர்வே எண் புதிய சர்வே எண்ணாக மாறியதைக் காட்டும் பட்டியலையும் சேர்த்துக் கேட்டு வாங்கினோம்.

நான்காவது, ஒரு முதியவரின் வாக்குமூலம். 1980ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்தது நினைவிருக்கும். அதுவரை எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் இந்து சமயத்தைச் சேர்ந்தவர். தள்ளாத வயது. அவர் பிள்ளைகளுக்கு இந்த விவகாரத்தில் தலையிட விருப்பமில்லை. நாங்கள் தயங்கித் தயங்கித்தான் போனோம். அவரோ, "எங்க அப்பா எழுதின கணக்கு அது. மையவாடியை மையவாடின்னு சொல்றதுக்கு எனக்கென்ன பயம்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நமது வரலாறு நம்மிடம் மட்டும் இல்லை. நம்மோடு வாழ்ந்த அண்டை வீட்டாரிடமும் இருக்கிறது. அந்த உறவை நாம் முறித்துக்கொண்டால் நமது சாட்சியையும் சேர்த்தே இழக்கிறோம்.

கோபத்தால் இழந்த எட்டு மாதம்

என் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சான்றுகளையும் சேர்த்து 1997ல் மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு கொடுத்தோம். அறிக்கை கேட்டு மனு தாலுகாவுக்கு வந்தது. அங்கே ஓர் எழுத்தர் என்னை 'இன்று போய் நாளை வா' என்று பலமுறை அலைய விட்டார். ஒரு நாள் நான் பொறுமை இழந்து, எல்லோர் முன்னிலையிலும் அவரைத் தகாத வார்த்தையால் திட்டிவிட்டேன். உடன் வந்த நண்பர்கள், "சரியான சூடு கொடுத்தாய்" என்று முதுகில் தட்டினார்கள். அந்தச் சூட்டின் விலை என்ன தெரியுமா? எட்டு மாதம் எங்கள் கோப்பு நகரவே இல்லை.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "நீ திட்டியது உனக்காகவா, ஊருக்காகவா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எனக்காகத்தான். என் கௌரவம் அடிபட்டதற்காகத்தான். மறுநாள் போய் அந்த எழுத்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் மனிதர்தானே! தன் மேசையில் தேங்கிக் கிடந்த கட்டுகளைக் காட்டி, "ஒருத்தனே இத்தனையும் பார்க்கணும் பாய்" என்றார். பின்னாளில் எந்தத் தாள் எங்கே இருக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஸப்ர் என்றால் அநீதியைச் சகித்துக்கொண்டு சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். அன்றுதான் புரிந்தது. பத்தாவது முறை போகும்போதும் முதல் முறை போன அதே மரியாதையோடும் அதே உறுதியோடும் போய் நிற்பதற்கு எவ்வளவு ஸப்ர் வேண்டியிருக்கிறது! ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய பொறுமையை நாம் பயானில் கேட்கிறோம். தோழர்களுக்கே தாங்க முடியாமல் இருந்த வாசகங்களுக்கு இடம் கொடுத்து அந்த ஒப்பந்தத்தை எழுத வைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் மக்கா வெற்றி கிடைத்தது. பயானில் கேட்டதை ஆபீஸ் வராந்தாவில் நினைத்துப் பார்த்தால்தான் அது நமக்குப் பயன்படும்.

அதன் பிறகும் அதிகாரிகள் மாறினார்கள். கோப்பு காணாமல் போனது. மறுபடி நகல் கொடுத்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. 2006ன் துவக்கத்திலேயே 10 ரூபாய் கோர்ட் பீ வில்லை ஒட்டி, 'எங்கள் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன? கோப்பு இப்போது யாரிடம் உள்ளது?' என்று இரண்டே கேள்விகள் கேட்டோம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். காணாமல் போன கோப்பு கிடைத்துவிட்டது! 2007ல் மையவாடி என்று வகைப்பாடு திருத்தி உத்தரவு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

முழு வெற்றியா? இல்லை. 1 ஏக்கர் 22 சென்ட்டுக்குத்தான் உத்தரவு. கிழக்கே 18 சென்ட் ஏற்கெனவே சாலையாகிவிட்டது. உம்மம்மா படித்த நோட்டில் கிழக்கு எல்லை இருந்த பக்கம் கிழிந்து போயிருந்தது. அந்த எல்லையைச் சொன்ன பத்திரமோ கரையானுக்கு இரையாகிவிட்டது. அந்த 18 சென்டில் எங்கள் பெரியவர்கள் சிலரின் கபர்கள் இருந்தன. இன்று அதன் மீது பஸ் போகிறது. ஒவ்வொரு முறை அந்த வழியே போகும்போதும் அந்தத் தகரப் பெட்டி என் நினைவுக்கு வருகிறது.

வரலாறு நமக்குச் சொல்வது

இது ஓர் ஊரின் கதை மட்டும்தானா? சமுதாயத்தின் கதையும் இதுதான். இடஒதுக்கீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'முஸ்லிம்களுக்கு இடஒதுக்கீடு புதிதாக வந்த சலுகை' என்று யாராவது சொன்னால் உங்களில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லத் தெரியும்?

சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி காலத்தில் துவங்கி, 1928ல் எஸ்.முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது உறுதிப்பட்ட வகுப்புவாரி உத்தரவில், 12 இடங்களுக்கு 2 இடம் முஸ்லிம்களுக்கு இருந்தது. 1947ல் அந்தப் பங்கீடு மாற்றப்பட்டபோது 14க்கு 1 என்று குறைந்தது. 1951ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி உத்தரவே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தந்தை பெரியார் உள்ளிட்டோரின் கிளர்ச்சியைத் தொடர்ந்து அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் கிடைத்தது. ஆனால் முஸ்லிம்கள் என்ற தனிப் பங்கு திரும்ப வரவில்லை. அது வருவதற்கு 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தமிழக அரசு கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 சதவீதத்தைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தனியே ஒதுக்கியது. இழந்து 50 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு திரும்பப் பெற்ற ஒரு பகுதிதான் அது. இந்த ஆண்டுகளும் எண்களும் உங்கள் நுனி நாக்கில் இருக்க வேண்டாமா?

'முஸ்லிம்கள் பின்தங்கியிருக்கிறார்கள்' என்று மேடைதோறும் எத்தனையோ ஆண்டுகள் பேசினோம். கேட்பார் இல்லை. 2005ல் அமைக்கப்பட்ட நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு, 2006 நவம்பரில் அதையே புள்ளிவிவரங்களோடு எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு நாடாளுமன்றத்தில் மறுத்துப் பேசுவதற்குக்கூட எதிர்த்தரப்பினர் எண்களைத் தேட வேண்டியிருந்தது.

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்கள் 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது எழுந்து, இந்த மண்ணின் தொன்மையான மொழிதான் வேண்டுமென்றால் அந்தத் தகுதி தமிழுக்கு உண்டு என்று வாதாடினார்கள். நமக்கு அது எப்படித் தெரியும்? சபையின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கிறது. யாரும் அழிக்க முடியாது.

வணிகப் பெருமக்களுக்கும் ஒரு செய்தி. 1906ல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி துவங்கியபோது, 8,000 பங்குகளை வாங்கி 2 லட்சம் ரூபாய் கொடுத்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். அந்தக் காலத்து 2 லட்சம்! ஒரு பங்கு 25 ரூபாய் என்று கம்பெனிக் கணக்கு இருந்ததால் இன்றும் தலை நிமிர்ந்து சொல்கிறோம். அவரைப் போலப் பள்ளிக்கூடத்துக்கும் கிணற்றுக்கும் விடுதலைப் போருக்கும் அள்ளிக் கொடுத்த நம் ஊர் வியாபாரிகள் எத்தனை பேர்! அவர்களின் பெயர் அவர்களின் பேரப் பிள்ளைகளுக்கே தெரியாதே!

கடையில் கணக்கு, ஊருக்கு இல்லையா?

வியாபாரிகளே! திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியா, நோன்பைப் பற்றியா? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணை குறித்து எழுதுங்கள், நீதியாக எழுதுகிறவரைக் கொண்டு எழுதுங்கள், சாட்சி வையுங்கள், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதுவதற்குச் சடைந்து விடாதீர்கள் என்பது அதன் கருத்து. பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகள் 10 பேருக்கு எழுத்தறிவித்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடுவித்ததாகச் சரித்திரத்தில் வருகிறது. இப்படிப்பட்ட மார்க்கத்தைப் பின்பற்றுகிற நாம், கடையில் அரைக் கிலோ சீனிக்குப் பேரேடு எழுதுகிறோம். பள்ளிவாசல் சொத்துக்கு ஒரு பட்டியல் கேட்டால், "எல்லாம் மனசுல இருக்கு" என்கிறோம். இது நியாயமா?

இன்றைய நிலைமையைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃப் திருத்தச் சட்டம், நீண்ட காலப் பயன்பாட்டினாலேயே ஓர் இடம் வக்ஃப் ஆகும் என்ற நிலையை இனி வரும் காலத்திற்கு நீக்கிவிட்டது. 2025 செப்டம்பர் 15ல் சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவில் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது; பதிவு கட்டாயம் என்பதை நிறுத்தவில்லை. உமீத் என்ற அரசு இணையதளத்தில் வக்ஃப் விவரங்களை ஏற்றுவதற்கு 2025 ஜூனிலிருந்து 6 மாதம் கெடு வைத்தார்கள். சட்டத்தை எதிர்த்து வழக்காடுவதும் குரல் கொடுப்பதும் நமது உரிமை, அது தொடரட்டும். ஆனால் அந்தக் கெடுவின் கடைசி வாரத்தில் பத்திரம் எங்கே, சர்வே எண் எது என்று தேடி அலைந்த முத்தவல்லிகளை நான் கண்ணால் பார்த்தேன்.

2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் துவங்கியபோதும் அதே கதைதான். டிசம்பர் 19ல் வந்த வரைவுப் பட்டியலில், இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இடம்பெறவில்லை. எந்தெந்த ஊரில் வீடு வீடாகச் சென்று சரிபார்க்க இளைஞர்கள் இருந்தார்களோ, அந்த ஊர்களில் பதற்றம் குறைவாக இருந்தது.

நாளைக்கே செய்யக் கூடியவை

உணர்ச்சி வசப்பட்டு வீட்டுக்குப் போவதால் பயனில்லை. ஐந்து காரியங்களைச் சொல்கிறேன். எதற்கும் பெரிய பணம் வேண்டாம்.

ஒன்று: உங்கள் மஹல்லாவின் பள்ளி, மத்ரஸா, மையவாடி, கடை, நிலம் அனைத்திற்கும் ஒரு பட்டியல் எழுதுங்கள். சர்வே எண், அளவு, எந்த ஆவணம் இருக்கிறது, எது இல்லை என்பதையும் எழுதுங்கள். மூன்று நகல் எடுத்து மூன்று வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தொலைக்காதீர்கள்.

இரண்டு: வாரம் ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம், பள்ளி வளாகத்தில் ஒரு மேசை போடுங்கள். சாதிச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம், கல்வி உதவித் தொகை, எதற்கானாலும் படிவம் நிரப்பிக் கொடுங்கள். சான்றிதழ் விஷயத்தில் கவனம் தேவை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது சாதி என்ற இடத்தில் 'முஸ்லிம்' என்று மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். லெப்பை, மரைக்காயர், ராவுத்தர், தக்னி, மாப்பிள்ளை, ஷேக், சையத், அன்சார், தூதேகுலா என்று அரசுப் பட்டியலில் உள்ளவாறு இல்லையென்றால், பிளஸ் டூ முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும்போது அலைச்சல்தான். எங்கள் ஊரில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு மாணவி சான்றிதழ் தாமதத்தால் ஓர் ஆண்டை இழந்தாள். போராடிப் பெற்ற 3.5 சதவீதம் அந்தப் பிள்ளைக்கு அந்த ஆண்டு பயன்படவில்லை. எங்கள் மேசைக்கு மாற்று மத சகோதரிகளும் விதவை உதவித் தொகைக்கு வருகிறார்கள். அவர்களைத் தயவு செய்து காக்க வைக்காதீர்கள். முதலில் எழுதிக் கொடுங்கள்.

மூன்று: மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு நோட்டில் தேதி, மனு எண், யாரிடம் கொடுத்தது, அடுத்து எப்போது போக வேண்டும் என்று எழுதுங்கள். இன்றைய இளைஞர்கள் கலெக்டரிடம் மனு கொடுப்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். ஆயிரம் பேர் பாராட்டுகிறார்கள். மூன்று மாதம் கழித்து, "அந்த மனு என்னவாயிற்று தம்பி?" என்று கேட்டால், எண்கூடத் தெரியவில்லை. அல்லாஹ்வுக்காகச் செய்கிற வேலைக்குப் படம் எதற்கு?

நான்கு: வணிகர்கள் தங்கள் பங்கைச் செய்யுங்கள். ஊர் வேலைக்கு அலைகிற இளைஞன் தன் கைக்காசில் பஸ் ஏறுகிறான், ஜெராக்ஸ் எடுக்கிறான். என் மனைவி ஒரு முறை, "ஊர்க் கோப்புக்கு ஜெராக்ஸ் எடுக்கக் காசு இருக்கு, பிள்ளைக்கு நோட்டு வாங்கக் காசு இல்லையா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நிலைக்கு உங்கள் ஊர் ஊழியரை விடாதீர்கள். மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள்; அதற்கும் கணக்குக் கேளுங்கள்.

ஐந்து: உங்கள் ஊர் வரலாற்றை எழுதுங்கள். பள்ளியை யார் கட்டினார்கள், சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் யார் போனார்கள், விடுதலைப் போராட்டத்தில் யார் சிறை சென்றார்கள் என்று இருக்கிற முதியவர்களிடம் கேட்டு, கேட்டபடியே எழுதுங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள். பொய்யாகப் பெருமை பேசினால், உண்மையான பெருமையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எனக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்த பெரியவர் 2001ல் மௌத்தாகிவிட்டார். உத்தரவு வருவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. அந்த மையவாடியில்தான் அடங்கியிருக்கிறார். மோதினார் கணக்கில் அவர் பெயரை எழுதும்போது நான் அருகில் இருந்தேன். தேதியை இரண்டு முறை சரிபார்த்தேன். உத்தரவு வந்த அன்று அதன் நகலோடு அவர் கபருக்குப் போய் துஆ செய்துவிட்டு வந்தேன்.

இளைஞர்களே! உங்களிடம் நான் கேட்பதும் அவர் என்னிடம் கேட்ட கேள்விதான். ஒரு மனு எழுதத் தெரியுமா? தெரியாதென்றால் வெட்கப்பட வேண்டாம். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நாளை அஸருக்குப் பிறகு உங்கள் ஊரில் தெரிந்த ஒருவரிடம் போய் உட்காருங்கள்.

நாம் செய்கிற சிறு பணிகளை வல்ல ரஹ்மான் ஏற்றுக்கொள்வானாக! நமது முன்னோர் விட்டுச் சென்ற அமானிதங்களைப் பாதுகாக்கும் அறிவையும் பொறுமையையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.